வில்லும் நிதானமும்

அரபு மொழியில் ‘அத்ல்’ என்னும் சொல்லை அறியாத முஸ்லிம் இல்லம் இருத்தல் அரிது. நீதி, நேர்மை, சமன் என்றெல்லாம் அதற்குப் பொருள் கொள்வோம். அதே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பல. ருகூவிலிருந்து நிமிர்ந்து நேராக நிற்கும் நிலைக்கு ‘இஃதிதால்’ என்று பெயர். ஹதீஸ்களை அறிவித்தவர்களின் தகுதியை ஆராயும் கலைக்கு ‘ஜரஹ் வ தஃதீல்’ என்று பெயர். ஒருவரிடமுள்ள குறையைச் சுட்டுவது ஜரஹ். அவரை நம்பத்தக்கவர் என உறுதி செய்வது தஃதீல். ஹிஜ்ரி 748-இல் (கி.பி. 1348) மறைந்த இமாம் தஹபீ அவர்கள் அக்கலையில் தாம் இயற்றிய பெருநூலுக்கு ‘மீஸானுல் இஃதிதால்’, அஃதாவது ‘சமநிலையின் தராசு’ என்று பெயரிட்டார்கள்.

இந்நாளில் அரபு நாடுகளில் ‘தஃதீல்’ என்பது இன்னொரு பொருளிலும் வழங்குகிறது. வாங்கிய காரின் உறுப்புகளைத் தம் விருப்பத்திற்கேற்ப மாற்றியமைப்பதை அங்கே ‘தஃதீலுஸ் ஸய்யாராத்’ என்கின்றனர். பட்டறையில் புழங்கும் இச்சொல்லுக்கும் நீதிக்கும் யாது தொடர்பு என்று வியக்கத் தோன்றும். சென்ற ஆண்டு என் தங்கை மகனின் பொருட்டுச் சில மாதங்கள் இவ்விஷயத்தில் மனத்தைச் செலுத்த நேர்ந்தது. அதன் பின்னர், இவ்விரண்டு பொருளும் ஒரே வேரில் நிற்பது முற்றிலும் பொருத்தமே என்ற முடிவுக்கு வந்துள்ளேன்.

மருமகன் கோயம்புத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில் பணிபுரிகிறார். தந்தை இல்லை, தாயார் அவருடனே வசிக்கிறார். அவரிடம் இருப்பது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. என்னும் கார். 2013-இல் இந்தியாவில் அறிமுகமான வகை; 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 105 குதிரைத்திறன், தானே பல்மாற்றும் ஏழு கியர். உருவத்தில் சிறியது, ஓட்டத்தில் துடிப்பானது. இங்கே அதன் உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டதால், வைத்திருப்போர் அதனைப் பொன்போல் பேணுகின்றனர். அந்த ஒரே வண்டியில்தான் அவர் அன்றாடம் அலுவலகம் செல்கிறார். உம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார். பெருநாளைக்குக் காயல்பட்டினம் வருகிறார். ஒரு வழிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர்.

எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய அவ்வண்டியின் ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசியத் தொடங்கியது. ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் மூன்று முறை ஊஞ்சலாடும். தங்கைக்கு இடுப்பு எலும்பின் வட்டு விலகி நெடுநாளாக வலி. ஊருக்கு வந்து திரும்பிய ஒரு பயணத்துக்குப் பின் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. “இனி ஊருக்கு வருவதென்றால் பஸ்ஸில் வருகிறேன், உன் வண்டி எனக்கு வேண்டாம்” என்று மகனிடம் சொல்லிவிட்டார். மகனோ பழையவற்றைக் கழற்றிவிட்டு, உயரமும் இறுக்கமும் திருத்தத்தக்க ‘காயில் ஓவர்’ என்னும் சஸ்பென்ஷன் தொகுப்பைப் பொருத்தத் திட்டமிட்டிருந்தார். வண்டி நாற்பது மில்லிமீட்டர் தாழும், வளைவுகளில் சாயாது என்று மகிழ்ந்தார். “மாமா, நீங்கள் சொன்னால் உம்மா ஒப்புக்கொள்வார்கள்” என்று என்னிடம் தூது வந்தார். தங்கையோ, “காக்கா, அவனிடம் நீங்கள்தான் பேச வேண்டும்” என்றார். இருவருக்கும் நடுவே வைக்கப்பட்ட நான், விளங்காத விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது முறையன்று என்று கூறி, முதலில் அதனை விளங்கிக்கொள்ளத் தலைப்பட்டேன்.

விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரின் எடையைத் தாங்குவது சுருள்வில், அஃதாவது ஸ்பிரிங். இன்றைய அரபு மொழியில் அதற்கு ‘நாபிள்’ என்று பெயர். துடிப்பது என்று பொருள். கையின் நாடித் துடிப்பைக் குறிக்கும் ‘நப்ளு’ அதே வேர்ச்சொல்தான். மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி அந்த விசையைத் தன்னுள் சேமிக்கிறது. பின்பு திருப்பி உதைக்கிறது. தடுப்பார் இல்லையெனில் நெடுநேரம் துடித்துக்கொண்டே இருக்கும். அத்துடிப்பை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் பணி. அதன் உள்ளே எண்ணெய் நிறைந்த குழாயில் ஒரு தண்டு மேலும் கீழும் செல்கிறது. சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிச் செல்லும்போது, அசைவு வெப்பமாக மாறிக் கரைகிறது.

இங்கே எனக்குத் தொழுகையின் இஃதிதால் நினைவுக்கு வந்தது. வணக்கத்தை வண்டியோடு ஒப்பிடுவதாக எவரும் கொள்ளற்க. சொல்லின் பொருள் விளங்கவே கூறுகிறேன். ருகூவில் குனிந்தவர் நிமிர வேண்டும். நிமிர்ந்த பின் உறுப்புகள் அமைதியுற வேண்டும். அவ்வமைதிக்கு ‘துமஃனீனத்’ என்று பெயர். அதன் பின்னரே ஸுஜூது. நிமிராமலே அடுத்ததற்குச் செல்வதும் குறை. நிலைகொள்ளாமல் ஆடுவதும் குறை. காரின் சக்கரத்துக்கும் இதுவே விதி. ஷாக் தேய்ந்தால் வண்டி நிலைகொள்ளாமல் ஆடும். ஷாக்கின் மீட்சியை அளவுக்கு மீறி இறுக்கினால், ஒரு பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் முழுதும் நிமிர்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். தொடர்ந்து பள்ளங்கள் வந்தால் வண்டி சிறுகச் சிறுகத் தாழ்ந்து, இறுதியில் அமுங்க இடமின்றித் தடுப்பு ரப்பரில் மோதும். வெளியே இருப்பவர் ‘இறுக்கமான வண்டி’ என்று புகழ்வார். உள்ளே இருப்பவரின் முதுகெலும்பு வேறு கதை சொல்லும்.

இனி, ‘திருத்தத்தக்கது’ என்று விற்கப்படும் தொகுப்புகள் எல்லாம் ஒன்றல்ல. உயரத்தை மட்டும் மாற்றத்தக்கவை ஒரு வகை. ஜெர்மானிய பில்ஸ்டைன் நிறுவனத்தின் பி14, கே.டபிள்யூ. நிறுவனத்தின் ‘வேரியண்ட் 1’ ஆகியவை அத்தகையன. உயரத்தோடு மீட்சியின் இறுக்கத்தையும் மாற்றத்தக்கவை இரண்டாம் வகை, கே.டபிள்யூ. ‘வேரியண்ட் 2’ இதற்குச் சான்று. அமுங்குதல், மீளுதல் இரண்டையும் தனித்தனியே மாற்றத்தக்கவை மூன்றாம் வகை. ‘வேரியண்ட் 3’ அவ்வாறானது. பில்ஸ்டைன் பி16-இல் ஒரே திருகு இரண்டையும் சேர்த்துப் பத்துப் படிகளில் மாற்றுகிறது. முப்பது படிகள் என்று விளம்பரம் செய்வோரும் உளர். படிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியிலும் உண்மையில் எவ்வளவு மாற்றம் நிகழ்கிறது என்பதே கேள்வி.

இளைஞர் பலர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. திருகை எத்தனை முறை திருப்பினாலும் ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதில்லை. ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ எடை வேண்டும் என்பதே ஸ்பிரிங்கின் கணக்கு. அந்தக் கடினம் நான்கு மடங்கானால் வண்டியின் இயல்பான துடிப்பு இரு மடங்கு விரைவாகும். பந்தயத் தளத்துக்கென வார்த்த ஸ்பிரிங்கை வாங்கிவிட்டு, ஷாக்கை மிக இளக்கமாக வைத்து வீட்டாரைச் சமாதானம் செய்யலாம் என்பது நடவாது. கடினமான ஸ்பிரிங்குக்கு இளக்கமான ஷாக் கடிவாளமற்ற குதிரை போன்றது. மீண்டும் ஊஞ்சலாட்டமே மிஞ்சும். ஆகவே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஸ்பிரிங். திருகு அதன் பிறகுதான். திருத்த முடியாத ஒன்றைத் தவறாகத் தேர்ந்துவிட்டுத் திருத்த முடிந்ததைக் கொண்டு சரிசெய்ய முயல்வது வீண்.

போலோவின் அமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. முன்பக்கம் மெக்ஃபர்சன் அமைப்பு. பொறியாளர் எர்ல் மெக்ஃபர்சன் வகுத்த இம்முறை, 1950-களின் தொடக்கத்தில் ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்து பின்னர் உலகெங்கும் பரவியது. அதில் ஸ்பிரிங், ஷாக்கைச் சுற்றியே அமைந்திருக்கும். பின்பக்கத்திலோ இரு சக்கரங்களையும் முறுக்கிக்கொடுக்கும் ஒரு குறுக்குத் தண்டு இணைக்கிறது. ஸ்பிரிங் ஓரிடத்தில், ஷாக் வேறிடத்தில். எனவே ‘ஷாக்கின் மேல் சுருள்’ என்று பொருள்படும் காயில் ஓவர் என்னும் பெயர் பின்பக்கத்துக்குப் பொருந்துவதே இல்லை. முதியோரும் பிள்ளைகளும் அமரும் இருக்கை பெரும்பாலும் அக்குறுக்குத் தண்டுக்கு அருகில்தான் இருக்கிறது.

உயரத்தைக் குறைக்கும் ஆசையைப் பற்றி மருமகனும் நானும் தாளில் கணக்கிட்டோம். தயாரிப்பாளர் கூறும் தரை இடைவெளி ஏறத்தாழ 165 மில்லிமீட்டர். நாற்பது குறைத்தால் 125. நால்வரும் பெட்டிகளும் ஏறினால் பின்பக்கம் மேலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழும். மிஞ்சுவது நூறுக்கு அண்மையில். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி அமைந்த வேகத்தடைக்கே உயரம் 100 மில்லிமீட்டர். ஆனால் அது 3.7 மீட்டர் அகலத்தில் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டியது. நம் தெருக்களில் ஊரார் தாமே கட்டும் தடைகளோ குட்டிச்சுவர்கள். அவற்றில் வயிறு உரசாமல் போக வேண்டுமானால் வண்டியைக் குறுக்கே வளைத்து ஏற்ற வேண்டும். அன்றாடம் அலுவலகம் செல்வோர்க்கு இது நாள்தோறும் நேரும் தொல்லை.

கோவை இளைஞர்க்கு இவ்வார்வம் ஏன் மிகுதி என்பதும் எனக்கு விளங்காமலில்லை. இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் அந்நகரின் பங்கு பெரிது. 1995-இல் மறைந்த எஸ். கரிவரதன் அவர்களின் பெயரில் செட்டிபாளையத்தில் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ இருக்கிறது. அங்கே ஓடும் வண்டியைப் பார்த்துத் தம் வண்டியும் அவ்வாறே நிற்க வேண்டும் என்று விரும்புவது இயல்பு. ஆனால் பந்தயத் தளத்தில் பள்ளம் இல்லை, வேகத்தடை இல்லை, பின்னிருக்கையில் தாயும் இல்லை.

சட்டத்தையும் புறக்கணிக்கலாகாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுதல் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. ஆகவே பணத்தைக் கட்டுமுன் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள். கூடாது என்றால் கைவிடு என்று மருமகனுக்குச் சொன்னேன். நாட்டின் சட்டத்தை மதிப்பதும் நாம் செய்துகொண்ட உடன்படிக்கையே.

அடுத்து, யாருடைய சொல்லை நம்புவது என்னும் வினா எழுந்தது. இதில்தான் மதரஸாவில் ஓதியது எனக்குக் கைகொடுத்தது. அறிவிப்பாளர் ஒருவரை ஏற்க இரண்டு தகுதிகளைப் பார்ப்பர்: ஒன்று ‘அதாலத்’, அவருடைய நேர்மை, மற்றொன்று ‘ளப்த்’, அவர் செய்தியைப் பிழையின்றிக் காத்துச் சொல்லும் திறம். நல்லவர் என்பதால் மட்டும் ஒருவருடைய செய்தி உறுதியாகிவிடாது. மருமகனுக்குக் கிடைத்த சொற்களை இத்தராசில் வைத்தோம். கடைக்காரர் புகழ்ந்தார், விற்பதில் அவருக்கு ஆதாயம் உண்டு. நண்பர் ஒருவர் புகழ்ந்தார். பொய் சொல்லாதவர், ஆனால் பொருத்தி மூன்று வாரமே ஆயிற்று, தனியாகவே ஓட்டுகிறார். இன்னொருவர், தம் நண்பரின் நண்பர் சொன்னதாகச் சொன்னார். இடையே கண்ணி அறுந்த அறிவிப்பை ‘முன்கதிஃ’ என்போம். இறுதியில் தூத்துக்குடியில் ஒருவர் அகப்பட்டார். அதே வகைக் கார், அதே தொகுப்பு, முதிய பெற்றோருடன் நாற்பதாயிரம் கிலோமீட்டர்.

அவர் புகழவுமில்லை, இகழவுமில்லை. காரணத்தோடு குறைகளைக் கூறினார். கடற்காற்றின் உப்பில் உயரம் மாற்றும் திருகு மரைகள் ஓராண்டில் துருவேறி இறுகிவிட்டன. மேற்பிடிப்பில் ரப்பருக்குப் பதில் உலோக மூட்டு இருந்ததால் சிறு கல்லின் ஓசையும் உள்ளே கேட்டது. தாழ்த்திய பின் சக்கரக் கோணம் சரியாகாமல் டயர்களின் உட்புறம் தேய்ந்தது. காரணம் விளக்கிக் கூறப்பட்ட குறை, பொதுவான புகழ்ச்சியை விட முன்னுரிமை பெறும் என்பது அக்கலையின் விதி. கடற்கரை ஊருக்கு அடிக்கடி வந்துபோகும் வண்டிக்கு, விளம்பரத் தாள்கள் பத்தைவிட அவருடைய இம்மூன்று சொற்கள் எடை மிக்கவை.

பின்னர் ஒரு மாலை மருமகனுக்கு அன்ஜஷா (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னேன். புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. பயணமொன்றில் அவர் பாட்டிசைத்து ஒட்டகங்களை ஓட்டினார். பாட்டின் சுவையில் ஒட்டகங்கள் விரைந்தன. மேலே பெண்மணிகள் அமர்ந்திருந்தனர். பெருமானார் (ஸல்) அவர்கள், நிதானமாக ஓட்டுமாறு அவரைப் பணித்து, அப்பெண்மணிகளைக் கண்ணாடிக் கலங்களுக்கு ஒப்பிட்டார்கள். பாட்டு மனங்களை ஈர்த்துவிடும் என்று அஞ்சியதாக விரிவுரையாளர் சிலர் கூறுவர். விரைந்த ஓட்டத்தின் குலுக்கல் மேலிருப்போரை வருத்தும் என்று கருதியதாக வேறு சிலர் கூறுவர். இரண்டாம் விளக்கத்தைச் சொல்லும்போது மருமகன் ஒன்றும் பேசவில்லை. மனித உடல் நெடுக்குவாட்டில் நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுகளையே மிகுதியாக உணர்கிறது என்று இன்றைய அதிர்வியல் கூறுவதையும், கடின ஸ்பிரிங்கும் இறுகிய ஷாக்கும் அவ்வதிர்வுகளைத் தடுக்காமல் இருக்கைக்கு விட்டுவிடுகின்றன என்பதையும் அவரே எனக்கு விளக்கியிருந்தார். இப்போது இரண்டையும் அவரே பொருத்திக்கொண்டார்.

“உயரத்தைத் தொடவில்லை, மாமா” என்றார் மறுநாள். மூல உயரத்தையே காக்கும், மூலத்துக்கு நெருங்கிய கடினமுடைய ஸ்பிரிங்கும், மீட்சியை மட்டும் திருத்தத்தக்க ஷாக்கும் என்று முடிவாயிற்று. இரு அலுவலகங்களிலிருந்தும் தடையில்லை என்ற பதில் கையில் வந்த பின்னரே பணம் கட்டினார். பழைய மேற்பிடிப்பு ரப்பர்களையும் தடுப்பு ரப்பர்களையும் சேர்த்தே மாற்றினர். தேய்ந்த ரப்பர் மேல் புதிய ஷாக்கை ஏற்றுவது கிழிந்த பாயின் மேல் பட்டு விரிப்பதாகும். பிறகு வீல் அலைன்மென்ட்.

திருகைத் திருத்தும் முறையையும் அவர் ஒழுங்காகவே செய்தார். முழுதும் மெல்ல இறுக்கி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுதல். இடமும் வலமும் ஒரே எண்ணிக்கை. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுதல். டயர்க் காற்றைச் சரிபார்த்த பின்பே சோதித்தல். ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்தல். ஒவ்வொன்றையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதுதல். ஆனால் அம்முறையில் அவர் தாமே சேர்த்துக்கொண்ட விதி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டுபவர் இருக்கையிலிருந்து தீர்ப்புச் சொல்லாமல், தாயைப் பின்னிருக்கையில் அமர்த்தி, அவரிடமே கேட்டார். முதல் நாள் “தூக்கிப் போடுகிறது” என்றார் தங்கை. இரு படிகள் மாற்றியதும், “இப்போது படகு போல ஆடுகிறது” என்றார். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லவில்லை. தஸ்பீஹைத் தொடர்ந்து உருட்டிக்கொண்டிருந்தார். அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, அருகே ‘உம்மா’ என்று குறித்தார் மருமகன். தனியே செல்லும் நாட்களுக்கு மூன்று படி இறுக்கமாக இன்னோர் எண் உண்டு. துடிப்பான ஓட்டத்தின் இன்பத்தை அவர் இழக்கவில்லை. அதற்குரிய நேரத்தில் அதை வைத்தார்.

ஸல்மான் (ரலி) அவர்கள், இரவெல்லாம் வணங்கி வீட்டாரை மறந்திருந்த அபூதர்தா (ரலி) அவர்களுக்கு, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டென்றும், உரியவருக்கு உரியதைக் கொடுக்க வேண்டுமென்றும் நினைவூட்டினார்கள். பெருமானார் (ஸல்) அவர்களும் அதனை உண்மையென ஏற்றார்கள். வணக்கத்திலேயே அளவு வேண்டுமெனில், வாகனத்தில் சொல்லவும் வேண்டுமோ? தஃதீல் என்பது தோற்றத்துக்காக ஒன்றை மாற்றுவதன்று. ஸ்பிரிங்குக்கு அதன் பங்கு, ஷாக்குக்கு அதன் பங்கு, சாலைக்கும் சட்டத்துக்கும் அவற்றின் பங்கு, உடன் வருவோர்க்கு அவர்களின் ஹக்கு என்று பகிர்ந்தளிப்பதே தஃதீல். நம் இளைஞர் பலர் இன்று பெரும் பொருள் செலவிட்டு வண்டிகளைத் திருத்துகின்றனர். அவ்வார்வத்தை இகழ்ந்து பயனில்லை. பணத்தை எண்ணுமுன், அவ்வண்டியின் பின்னிருக்கையில் அடுத்த வெள்ளிக்கிழமை யார் அமரப்போகிறார் என்பதை ஒரு முறை எண்ணிப் பார்க்கச் சொல்வோம்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளைக்குத் தங்கை கோவையிலிருந்து காயல்பட்டினம் வரை அதே காரில் வந்தார். வழியில் இரு முறை இறங்கிக் கால் நீட்டினார். வீட்டை அடைந்ததும் படுக்கையைத் தேடாமல் அடுப்படிக்குச் சென்று எங்களுக்குத் தேநீர் வைத்தார். அல்ஹம்துலில்லாஹ்.